கிரெடிட் கணக்கும் கேஸ் கணக்கும்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: கிரெடிட் சேர்ப்பதில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று. மருத்துவர் தன் பதிவைத் தக்கவைக்க, தொடர்ந்து கற்கிறார் என்று காட்டச் சேர்க்க வேண்டிய புள்ளிகள்தான் கிரெடிட். இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு வார்த்தைகளில்: "இன்னும் இத்தனை குறைகிறது, என்ன செய்யலாம்?" அதனால் இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் மயக்க மருந்து நிபுணர். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. அதில் ஆறு வருடம் ஒரு நிபுணர் சங்கத்தின் கிரெடிட் கமிட்டியில் உட்கார்ந்து மற்றவர்கள் கணக்கில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். அதற்கு முன்பு என் கணக்கிலேயே ஒருவர் கோடு போட்டார். அந்தக் கதை கடைசிக் கேள்வியில் வருகிறது.

நிபுணராகப் பதிவு கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. வருடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். எதை நம்புவது?
— புதிய நிபுணர்

அவரவர் சொல்வது அவரவர் பதிவுக்குச் சரியாகத்தான் இருக்கும். பிரிட்டனில் நிபுணர்களின் அமைப்புகளான ராயல் காலேஜ்கள் பெரும்பாலும் வருடத்துக்கு 50, ஐந்து வருடத்துக்கு 250 என்கின்றன. கனடாவின் ராயல் காலேஜ் நெடுங்காலமாக வைத்திருந்த கணக்கு ஐந்து வருடத்துக்கு 400. எந்த ஒரு வருடமும் 40-க்குக் கீழே போகக்கூடாது. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் என்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2023 முதல் வருடத்துக்கு 50 மணி நேரம்.

இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பொறாமைப்படாதீர்கள். பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்றாலும், எல்லா மணி நேரத்துக்கும் எல்லா இடத்திலும் ஒரே விலை கிடையாது. கனடாவின் அந்தக் கணக்கில் உரை கேட்டால் மணிக்கு 1, நீங்களே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தேடிப் படித்தால் 2, உங்கள் திறமையையோ உங்கள் வேலையையோ அளந்து பார்த்தால் 3. ஆஸ்திரேலியாவின் 50 மணியில் பாதி, அதாவது 25 மணி, உங்கள் வேலையை நீங்களே திரும்பிப் பார்ப்பதற்கும் அதன் விளைவுகளை அளப்பதற்கும் போக வேண்டும். ஹாலில் உட்கார்ந்து கேட்பதையே செய்து 50-ஐ முடிக்க அங்கே வழியில்லை.

ஆகவே உங்கள் பதிவை வைத்திருக்கும் அமைப்பின் விதியை ஒரு மாலை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். கிரெடிட் கணக்கு முடிக்க வேண்டிய காலம், அதாவது சுற்று, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, எந்த வகையில் குறைந்தபட்சம் எத்தனை, ஒரு வருடத்தின் உபரியை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியுமா, இதெல்லாம் அதில் இருக்கும். சீனியர்களிடம் கேட்காதீர்கள். அவர்கள் பழைய விதியைச் சொல்வார்கள், அதுவும் ரொம்ப நம்பிக்கையோடு.

சுற்று முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. 15 கிரெடிட் குறைகிறது. ஆன்லைன் வகுப்புகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு முடித்துவிடலாமா? அறுவைக்கூடத்தில் இருந்து வெளியே வரவே நேரமில்லை.
— எலும்பு அறுவை நிபுணர்

ஓடவிடலாம், முடிந்தும் விடும். கடைசியில் வரும் ஐந்து கேள்விக்கு வீடியோ பார்க்காமலேயே பதில் சொல்ல முடிகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த பத்து மாத டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு, நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டு எழுதாமல் விட்டதைத் தேடுங்கள்.

இறப்பு, சிக்கல்களை அலசும் மாதக் கூட்டம் உங்கள் துறையில் நடக்கிறதா? அதில் நீங்கள் இருந்தீர்கள், உங்கள் கேஸ் ஒன்றும் அதில் பேசப்பட்டிருக்கும். அதற்கு மணி நேரம் உண்டு. கட்டி நோயாளிகளுக்காகப் பல துறை நிபுணர்கள் ஒன்றாக உட்காரும் கூட்டம், பயிற்சி மருத்துவர்களுக்குப் புதிதாகத் தயாரித்த வகுப்பு, துறைக்காக எழுதிய வழிகாட்டுக் குறிப்பு, தேர்வுக்குக் கேள்வி எழுதிய சாயங்காலங்கள், ஏதாவது இதழ் அனுப்பிய கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதியது, எல்லாவற்றுக்கும் பல இடங்களில் கணக்கு இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கில் ஒரு கட்டுரையைச் சரியாக மதிப்பிட்டுக் கொடுத்தால் 3 கிரெடிட் வரை கிடைக்கும். ஒரு மணி நேர வகுப்பை முதல்முறை தயாரித்து எடுத்தால் 2. நோயாளி எதிரில் இருக்கும்போது எழும் சந்தேகத்தை அங்கீகரிக்கப்பட்ட இணைய நூலகத்தில் தேடிப் படித்து, என்ன மாற்றினேன் என்று குறித்தால் அரை கிரெடிட். அரைதானே என்று சிரிக்காதீர்கள். நீங்கள் வாரத்துக்கு எத்தனை முறை தேடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படி எண்ணிப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பற்றாக்குறை பாதியாகக் குறைந்ததை நான் கமிட்டியில் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிற நிபுணருக்குக் கற்றலில் அத்தனை பஞ்சமில்லை. எழுதி வைப்பதில்தான் பஞ்சம். ஒரு எச்சரிக்கை மட்டும்: கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லாத நாளை எழுதாதீர்கள். ஆபரேஷன் நீண்டுபோய்க் கூட்டத்துக்குப் போக முடியாத நாட்கள் உங்களுக்கு நிறைய இருந்திருக்கும்.

ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் கீழே "என்ன கற்றீர்கள், எப்படிப் பயன்படுத்துவீர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்னதான் எழுதுவது? எனக்கு இது பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது.
— தோல் நோய் நிபுணர்

பெரும்பாலோர் எழுதுவதை நான் மனப்பாடமாகவே சொல்வேன்: "நிகழ்ச்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது. பல புதிய தகவல்களை அறிந்துகொண்டேன். இனி நடைமுறையில் பயன்படுத்துவேன்." இருதய நிபுணரும் இதையே எழுதுவார், மனநல நிபுணரும் இதையே எழுதுவார். யாருடைய தாளை யாருக்கு மாற்றிவைத்தாலும் தெரியாது.

நான் உருப்படியாக எழுதிய முதல் குறிப்பு எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்த நோயாளியைத் தலையைத் தூக்கி ஐந்து விநாடி வைத்திருக்கச் சொல்வேன். தூக்கிவிட்டால் தசை தளர்த்தும் மருந்தின் வேலை முடிந்தது என்று, மூச்சுக்காக வாய் வழியே வைத்த குழாயை எடுத்துவிடுவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். பல வருடம் நானும் அப்படியே செய்தேன். ஒரு நாள் அப்படித் தலையைத் தூக்கிக் காட்டிய நோயாளியை வார்டுக்கு முந்தைய கண்காணிப்பு அறைக்கு அனுப்பிவிட்டு அடுத்த கேஸைத் தொடங்கினேன். இருபது நிமிடத்தில் நர்ஸ் கூப்பிட்டார். நோயாளியின் ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. "மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை" என்று அவர் உதட்டை அசைத்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. முறிவு மருந்து கொடுத்து, மாஸ்க் வைத்து, சரியாகிவிட்டது. நிரந்தரப் பாதிப்பு ஏதுமில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் தேடித் தேடிப் படித்தேன். மணிக்கட்டில் உள்ள நரம்புக்கு நான்கு சிறு மின்துடிப்பு கொடுத்து, கட்டைவிரலின் நான்காவது அசைவை முதல் அசைவோடு ஒப்பிடும் கருவி எங்கள் தியேட்டரிலேயே ஒரு அலமாரியில் இருந்தது. அந்த விகிதம் 0.9-ஐத் தொட்ட பிறகுதான் குழாயை எடுக்க வேண்டும். கண்ணாலும் கையாலும் உணர்ந்து பார்த்தால், 0.4-ஐத் தாண்டிவிட்டாலே நான்கு அசைவும் ஒன்று போலத்தான் தெரியும். தலையைத் தூக்குவது அதைவிடவும் நம்பத்தகாத சோதனை. தசையில் மருந்து மிச்சம் இருக்கும்போதே பலரால் தூக்கிவிட முடியும். இதில் எதுவும் அன்று புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. நான் படிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023-இல் கருவியால் அளந்து 0.9 பார்த்த பிறகே குழாயை எடுங்கள் என்று வழிகாட்டுதலாகவே வெளியிட்டுவிட்டது.

அப்புறம் என்னுடைய கடைசி முப்பது கேஸ்களின் பதிவுத் தாள்களை, அதாவது சார்ட்களை, எடுத்துப் பார்த்தேன். விகிதம் எண்ணாக எழுதப்பட்டிருந்தது எட்டில். அலமாரியில் இருந்த கருவியை வெளியே எடுத்து, பாட்டரி மாற்றி, மயக்க மருந்து வண்டியிலேயே கட்டிவைத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி முப்பது சார்ட். இந்த முறை இருபத்து நான்கு. மிச்சம் ஆறும் இரவு டூட்டியில் நடந்தவை. கருவி வேறு அறைக்குப் போயிருந்தது.

நான் கட்டத்தில் எழுதியது நான்கு வரிதான். தலையைத் தூக்கினால் போதும் என்று நம்பினேன். அது தவறு என்று ஒரு நோயாளி காட்டினார். கருவியை வண்டியில் கட்டினேன். எட்டு இருபத்து நான்கானது, இரவில் இன்னும் போதவில்லை. உங்கள் துறையில் இதேபோல ஒன்று கண்டிப்பாக இருக்கும். மச்சம் ஒன்றைச் சாதாரணம் என்று அனுப்பி, பயாப்ஸி முடிவு வேறு மாதிரி வந்த நாளை நினைத்துப் பாருங்கள். கட்டம் தானாக நிறையும்.

ஒன்றை மறக்கவேண்டாம். பெயர், வயது, தேதி, அறை எண் எதுவும் குறிப்பில் வேண்டாம். நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரர் படித்தாலும் யாரென்று தெரியக்கூடாது. சில நாடுகளில் இந்தக் குறிப்புகளை நீதிமன்றம் கேட்டு வாங்கவும் முடியும். பயந்துகொண்டு எழுதாமல் இருக்கச் சொல்லவில்லை. கற்றதை எழுதுங்கள், சம்பவ அறிக்கையை அதற்கான இடத்தில் எழுதுங்கள்.

எங்கள் சீஃப் அவருடைய பாஸ்வேர்டைக் கொடுத்து ஆன்லைன் மாட்யூல்களை என்னை முடிக்கச் சொல்கிறார். இதுவரை ஏழு முடித்துவிட்டேன். எப்படி மறுப்பது?
— பெயர் வேண்டாம் என்கிற பயிற்சி மருத்துவர்

எட்டாவதைச் செய்யாதீர்கள். "சார், நான் போட்டால் பதில் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, நீங்கள் படிக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். மீதிப் பாதி கோபப்படும். கோபப்பட்டால் உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான வேறொருவரிடம் போங்கள், தனியாக. பிடிபட்டால் அவருக்குப் பொய்க் கணக்கு, உங்களுக்கு ஆள்மாறாட்டம். இரண்டுமே பதிவைத் தொடுகிற விஷயம்.

இன்னொன்று, ஏழு மாட்யூல் நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவருக்கு ஒன்றும் வரவில்லை, உங்களுக்கு ஏதாவது வந்திருக்கும்!

முப்பத்து நான்கு வருட அனுபவம் எனக்கு. என்னைவிடப் பாதி வயதுள்ளவர் எடுக்கும் வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்து போட்டு வரச் சொல்வது அவமானமாக இல்லையா? அனுபவத்துக்கு ஏன் கிரெடிட் இல்லை?
— பொது மருத்துவ நிபுணர்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் நியாயமானதுதான், பாதி அளவுக்கு. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பதால் மருத்துவர் மாறுகிறாரா என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் நிறையவே கேட்டிருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 81 ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் வெளியிட்ட அலசல், கல்விக் கூட்டங்களால் சரியான சிகிச்சை முறையைப் பின்பற்றுவது கூடியது ஏறத்தாழ 6 சதவீதம்தான் என்றது. வெறும் உரையைவிட, உரையோடு கலந்துரையாடலும் சேர்ந்த கூட்டங்கள் மேலாக இருந்தன. ஆகவே ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையெழுத்து போட்டு வருவதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

மற்றப் பாதிதான் கசப்பானது. 2005-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவரின் அனுபவ வருடங்களுக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள உறவைப் பார்த்தது. 62 மதிப்பீடுகளில் 32-இல், அளந்த எல்லா விஷயத்திலுமே வருடம் கூடக் கூடத் தரம் குறைந்திருந்தது. அனுபவம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. கையின் நிதானம், நோயாளியோடு பேசும் பக்குவம், அபூர்வமான ஒன்றைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் கண், இவையெல்லாம் அந்த அளவுகோலில் அவ்வளவாக வராது. ஆனால் நாம் படித்த காலத்தில் சரியாக இருந்த ஒரு மருந்தளவு இன்று மாறியிருந்தால், அனுபவம் நமக்கு அதைச் சொல்லாது. பழையதை இன்னும் வேகமாக எழுத வைக்கும். என் தலையைத் தூக்கும் சோதனை அப்படிப்பட்டதுதான்.

அதைவிடக் கசப்பு 2006-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு. தன் திறமையைத் தானே மதிப்பிடுவதில் மருத்துவர்கள் எவ்வளவு சரி என்று பார்த்தார்கள். 20 ஒப்பீடுகளில் 13-இல், சுயமதிப்பீட்டுக்கும் வெளியார் அளந்ததற்கும் உறவே இல்லை, மிகக் குறைவு, அல்லது தலைகீழ். சில ஆய்வுகளில் ரொம்பவும் தவறாக மதிப்பிட்டவர்கள் திறமை குறைந்தவர்களும், தன்னம்பிக்கை மிகுந்தவர்களும். இதைப் படித்தபோது என் முகம் எப்படிப் போனது என்று என் சக மருத்துவர் ஒருவர் இன்னமும் கிண்டல் செய்வார்.

இந்தக் கிரெடிட் ஏற்பாடு உங்களை அவமானப்படுத்த வந்ததில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1968-இல் இதைப் பாராட்டு விருதாகத்தான் தொடங்கியது: தொடர்ந்து படிக்கிறவருக்கு ஒரு அங்கீகாரம். 1971-இல் நியூ மெக்ஸிகோ மாநிலம் உரிமத்தைப் புதுப்பிக்க இதைக் கட்டாயமாக்கியது, அங்கிருந்து விருது விதியானது.

உங்களுக்கு ஒரு யோசனை. வகுப்பில் உட்கார்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விதி இடம் கொடுத்தால், நீரிழிவு நோயாளிகள் ஐம்பது பேரின் பதிவுகளை எடுத்து, சிறுநீரில் புரதம் பார்த்த தேதி, கண் விழித்திரை பார்த்த தேதி இரண்டை மட்டும் தேடுங்கள். கூடவே அந்தப் பாதி வயதுக்காரரை உட்கார வையுங்கள். அவர் புதிய வழிகாட்டுதலைச் சொல்வார், அந்த நோயாளி ஏன் கண் மருத்துவரிடம் போகவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். இரண்டு பேருக்கும் கிரெடிட்.

மருந்து நிறுவனங்கள் பணம் கொடுக்கும் மாநாட்டுக்குப் போனால் கிரெடிட் செல்லுமா? போவது தப்பா?
— நெஞ்சக நோய் நிபுணர்

செல்லுமா என்பதற்கு விடை எளிது. நிகழ்ச்சிக்கு அங்கீகாரம் யார் கொடுத்தது என்று பாருங்கள். ஐரோப்பாவின் அங்கீகாரக் குழுவானாலும் அமெரிக்காவின் அங்கீகாரக் குழுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: பணம் கொடுக்கிறவர் தலைப்பையோ பேச்சாளரையோ ஸ்லைடையோ தீர்மானிக்கக் கூடாது, விளம்பரமும் பாடமும் கலக்கக் கூடாது. மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் நிறுவனத்தின் பெயரோடு தனியாக ஒரு அமர்வு இருந்தால், அதற்குப் பெரும்பாலும் கிரெடிட் கிடையாது. அதையும் சேர்த்து எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

தப்பா என்பது கொஞ்சம் சிக்கல். நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பேச்சாளர் தனக்கு எந்தெந்த நிறுவனத்தோடு தொடர்பு என்று காட்டும் முதல் ஸ்லைடை மொபைலில் படம் எடுத்துவிடுவேன். அது வேறெந்த ஸ்லைடையும்விட வேகமாகப் போகும், ஒரு விநாடி கூட நிற்காது. அப்புறம் பேச்சில் மருந்தின் பொதுப்பெயர் எத்தனை முறை வருகிறது, விற்பனைப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணுவேன். இது சிறுபிள்ளைத்தனம்தான். ஆனாலும் எந்த உரையை எத்தனை தூரம் நம்பலாம் என்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

என் மருத்துவமனையில் என் துறைக்கு நான் ஒருத்திதான். கேஸை விவாதிக்கக்கூட ஆளில்லை. கூட்டம், பழைய கேஸ்களை எடுத்து அலசும் ஆடிட் எல்லாம் பெரிய மருத்துவமனைக்காரர்களுக்குத்தானே?
— குழந்தை மருத்துவ நிபுணர்

தனியாக இருப்பவருக்குத்தான் இது அதிகம் தேவை. 2003-இல் நியூ மெக்ஸிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் நிபுணர் தொடங்கிய எக்கோ திட்டம் இந்தத் தனிமைக்காகவே வந்தது. ஹெப்படைட்டிஸ் சி நோயாளிகள் மாதக்கணக்கில் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் நோயாளிகளை வரவழைப்பதற்குப் பதிலாக, தொலைவில் இருந்த மருத்துவர்களை வாரா வாரம் வீடியோவில் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் தன் கேஸைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். 2011-இல் வந்த ஆய்வு, அந்த மருத்துவர்கள் கொடுத்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சமமாக இருந்தது என்று காட்டியது. கலந்துகொண்டவர்களுக்கு கிரெடிட்டும் கிடைத்தது.

உங்கள் துறையில் அப்படி ஒரு வாராந்திரக் கூட்டம் இருக்கிறதா என்று சங்கத்திடம் கேளுங்கள். இல்லையென்றால், உங்களைப் போலவே தனியாக இருக்கும் இன்னொருவரைப் பிடியுங்கள். மாதம் ஒரு நாள், ஆளுக்கு ஐந்து கேஸ் தாளை நோயாளி அடையாளம் நீக்கி மாற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்களுடையதைப் படித்துக் கேள்வி கேட்கட்டும், நீங்கள் அவருடையதை. பல அமைப்புகள் இதைச் சக நிபுணர் பரிசீலனையாக ஏற்கின்றன. தேதியும் நேரமும் இருவர் கையெழுத்தும் இருந்தால் போதும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். வில்லியம் ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1875-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜர்னல் கிளப், அதாவது மருத்துவ இதழ்களைப் பகிர்ந்து படிக்கும் குழு, தொடங்கியதற்கும் இப்படி ஒரு சாதாரணக் காரணம்தான். தனியாளாகச் சந்தா கட்டி எல்லா இதழையும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

பிரசவ விடுப்பில் இருக்கிறேன். இந்த வருடக் கணக்கு என்னாவது?
— கண் மருத்துவ நிபுணர்

நீண்ட விடுப்புக்கு விலக்கோ அவகாசமோ பல அமைப்புகளில் உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், சுற்று முடிந்தபின் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விடுப்பில் இருக்கும்போது கட்டாயப்படுத்திக்கொண்டு படிக்காதீர்கள். வேலைக்குத் திரும்பும் முதல் மாதத்தில் சக நிபுணரோடு சேர்ந்து அறுவை செய்து கையைப் பழக்கிக்கொள்வீர்களே, அதைக் குறித்து வையுங்கள்.

சர்டிஃபிகேட்களை எப்படிப் பத்திரப்படுத்துவது? பாதி தொலைந்துவிட்டது, பாதியில் எழுத்தே மங்கிவிட்டது.
— கதிரியக்க நிபுணர்

கையில் வாங்கிய அன்றே படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஃபைல் பெயரில் தேதி, நிகழ்ச்சி, மணி நேரம் மூன்றும் இருக்கட்டும். உங்கள் பெயர் பதிவில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். "கலந்துகொண்டார்" என்று மட்டும் இருந்து மணி நேரம் இல்லையென்றால், அமைப்பாளர் கண்ணில் படும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

இப்போது அந்தக் கதை. ஒரு வருடம் என் கணக்கை ஆடிட்டுக்கு எடுத்தார்கள். நான் 61 எழுதியிருந்தேன், தேவை 50. ரொம்ப நிம்மதியாகத்தான் ஃபைலை அனுப்பினேன். திரும்பி வந்தபோது 38 நின்றது. தொடக்க விழாவையும் இடைவேளைகளையும் கற்றலாக எண்ணியதில் 6 போனது. ஒரே உரையை நான்கு இடத்தில் பேசிவிட்டு நான்கு முறையும் 2 என்று எழுதியிருந்தேன். முதல் முறைக்கு மட்டும்தான் கணக்கு, 6 போனது. மணி நேரம் அச்சிடாத சர்டிஃபிகேட்களில் 8. கடைசி 3-தான் இன்னும் உறுத்துகிறது. இரண்டு நாள் மாநாட்டின் இரண்டாம் நாள் மதியமே கிளம்பிவிட்டு முழு நாளையும் எழுதியிருந்தேன். அடையாள அட்டையை வாசலில் ஸ்கேன் செய்வார்கள் என்பதை மறந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: "முப்பது சார்ட் பரிசீலனை பற்றிக் குறிப்பு எழுதியுள்ளீர்கள். அதற்குக் கிரெடிட் கோரவில்லை. செலவான நேரத்தைக் குறிப்பிட்டு மீண்டும் அனுப்பவும்." அனுப்பினேன், 5 கிடைத்தது. மிச்சம் 7-க்கு இரண்டு மாத அவகாசம் வாங்கி, கடினமான மூச்சுப்பாதையைக் கையாளும் சிமுலேஷன் பயிற்சிக்கு ஒரு முழு நாள் போனேன். சர்டிஃபிகேட்டில் எட்டரை மணி நேரம் என்று போட்டுக் கொடுத்தார்கள். இடைவேளைகளைக் கழித்துவிட்டு 7 என்று எழுதினேன்.